மாமரத்து வண்டும் அத்திமரத்து வண்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பின்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டுக்கார மாமியின் மாமரம் அதன்மேல் கவிந்திருந்ததால்தான் என் எட்டு மாதக் குழந்தை பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கினாள். அவள் தூங்கினால்தான் நானும் படுக்கலாம்.

ஒரு நாள் காலை மாமி ஒரு பாட்டிலில் வண்டு கொண்டுவந்தார். விரல் நீளம், மீசை உடம்பைவிட நீளம்.

"நீ ஜுவாலஜிதானே படிச்சே? மாமரத்தைத் துளைக்கற ஜாதியான்னு பாத்துச் சொல்லு. ஆமான்னா வெட்டிடணும்கறார் மாமா. உங்க கூரைமேல விழுந்து வெச்சா?"

டிரங்குப் பெட்டியிலிருந்து கல்லூரி ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டுகள், அச்சில் வார்த்தாற்போல. மாமரத்து வண்டுக்கு மஞ்சள் புள்ளி தீட்டியிருந்தேன். அத்திமரத்து வண்டுக்குச் சிவப்பு. பாட்டிலில் இருந்ததற்குச் சிவப்பு.

"இது அத்திமரத்து வண்டு மாமி. பயமில்லை."

பாட்டிலை அலமாரியில் வைத்தேன். வண்டு செத்தது. பதினைந்து நாள் கழித்து, குழந்தையின் பேதி மருந்தைத் தேடும்போது பார்த்தேன்: புள்ளிகள் மஞ்சளாகியிருந்தன. நாங்கள் லேபில் பார்த்து வரைந்ததெல்லாம் ஊசி குத்திப் பல வருஷம் பெட்டியில் கிடந்த வண்டுகள். மாமரத்து வண்டின் சிவப்பு, செத்தபின் வெளுத்துவிடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கொல்லைக்குப் போய் மரத்தடியைப் பார்த்தேன். துளைகளிலிருந்து கொட்டிய ஈரமான மரத்தூள். அன்றே பார்த்திருக்கலாம். தெரியாமல் சொன்னேனா, மரம் வேண்டுமென்று சொன்னேனா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று தடவை முன்கட்டு வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை சொல்லிவிட்டேன்.

"படிச்சவாளைக் கேட்டா இப்படித்தான்," என்றார் மாமி. குரலில் கோபமில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சைதாப்பேட்டையிலிருந்து மரம் வெட்டுகிறவர் வந்தார். அடிமரத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"உள்ள பூரா கூடாக் கீது மாமி. முன்னயே சொல்லியிருந்தா கம்பி விட்டுப் புழுவைக் குத்தி எடுத்துப் பாத்திருப்பேன்."

பதினைந்து நாளில் எதுவும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மரத்தை வெட்டிய மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கூரை கொதித்தது. குழந்தை தூளியில் அழுதாள். அவளை மாமியிடம் கொடுத்துவிட்டு, நனைத்த கோணிகளுடன் ஏணியில் ஏறினேன். கோணி அரைமணியில் உலர்ந்தது. மறுபடி இறங்கி நனைத்தேன்.