அரிசிச் சாக்குப் பேய்

நாலாம் வகுப்பில் நான் ஒரு பெரிய புளுகு விட்டேன். ஹலோவீனுக்கு எங்கள் வீட்டு வாசலில் கட்டும் பேய்க்கு ஈடான பேய் நாங்கள் வந்து குடியேறிய வுப்பர்டால் நகரத்திலேயே கிடையாது என்றேன். அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டியும் பாராத வகுப்புத் தோழிகள் ஆறு பேர், அப்படியானால் வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டிலோ பேயுமில்லை, பிசாசுமில்லை.

மாமாவிடம் ஓடினேன். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். உணவகமொன்றின் சமையலறையில் வேலை. எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள்.

"பேய்தானே? செய்தாப் போச்சு."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊரிலை பேய் வரக்கூடாதெண்டு வேப்பிலை கட்டுறது. நீங்கள் வாசலிலை பேயையே கட்டுறியளோ?"

மாமா பூசணிக்காயைக் குடைந்து முகம் வெட்டினார். அது யாரையும் பயமுறுத்தவில்லை; அம்மாவின் கலியாணப் படத்தில் மாமா சிரிப்பதைப் போலவே சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். குடைந்தெடுத்த சதையை அம்மா மூன்று நாள் கறியாக்கி மறைத்துக் காட்டினார்.

பிறகுதான் ஆள் உருவம். மாமாவின் பழைய குளிர்ச்சட்டைக்குள் பத்திரிகைத் தாள்களைத் திணித்து, வீடு கூட்டும் தும்புத்தடியில் நிறுத்தினோம். கழுத்துக்கு ஒரு பழைய சுருள்கம்பி. தலையில் நைலோன் நூலைக் கட்டி ஜன்னல் வழியாக உள்ளே எடுத்தார் மாமா. நூலை இழுத்தால் தலை முன்னே சாய்ந்து நிமிரும். பத்துத் தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். தலை வெறும் பிளாஸ்டிக் பை, முகம் இல்லை.

"முகத்தை நீ செய் பிள்ளை. நான் இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடி வாறன்."

குசினியில் பாஸ்மதி அரிசி வந்த வெறும் சாக்கு ஒன்று கிடந்தது. அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் கவிழ்த்தேன். வாயும் மூக்கும் இல்லாமலே அது பயங்கரமாக இருந்தது. எனக்கே என் கெட்டித்தனத்தில் பெருமை. ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மாமா வாசல் படலையைத் திறந்ததும் நூலை இழுத்தேன். சாக்கு அவரைப் பார்த்து மெல்லத் தலையாட்டியது.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். இனிப்புப் பை கையிலிருந்து விழுந்தது. மாமாவே பயந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்னொரு தரம் இழுத்தேன்.

"அதைக் கழட்டு," என்றார். நான் சிரித்தேன். மாமா வந்து சாக்கை இழுத்துப் பிடுங்கிக் குப்பைத் தொட்டிக்குள் அமுக்கினார்.

தோழிகள் வர அரை மணித்தியாலம்தான் இருந்தது. நான் நிலத்தில் விழுந்து அழுதேன். "இனி உங்களோடை கதைக்கவே மாட்டன்!"

கடைசியில் மாமாவே வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்துக்கொண்டு பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்தார். அவர் எழும்பிய எழும்பலில் ஒருத்தி சப்பாத்தை விட்டுவிட்டு ஓடினாள். வகுப்பில் ஒரு கிழமையாக அதே கதை. என் மானம் தப்பியது. ஆனாலும் மாமாவோடு நான் பேசவில்லை. தினமும் என் தலையணைக்குக் கீழே ஒரு சொக்லேட் வைத்தார். சொக்லேட்டைத் தின்றுவிட்டுப் பேசாமலே இருந்தேன். அவ்வளவு பொல்லாதவள்.

நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான், ஒருநாள் மரக்கறி வெட்டியபடி அம்மா சொன்னார். ஊரில் இராணுவம் சுற்றிவளைத்துப் பொடியன்களை வரிசையாக நிறுத்துமாம். முன்னால் காட்டிக்கொடுக்கிறவன் ஒருவன் இருப்பானாம், ஆளைத் தெரியாதபடி தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். போனவன் திரும்புவதில்லை.

மாமாவும் ஒருமுறை அந்த வரிசையில் நின்றாராம். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நின்ற சிநேகிதனைப் பார்த்துத்தான் சாக்கு ஆடியதாம். மாமாவைப் பார்த்து அது ஆடியது வுப்பர்டாலில், நான் நூலை இழுத்தபோது.