பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு ஜெபம்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயிலில் மதிய நேரம் நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தூங்குவதாக நம் பங்கு மக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு. ஒரு பாட்டியம்மா தூங்குவதற்காகக் கோயிலைத் திறந்து வைக்க வேண்டுமா, மதியம் பூட்டிவிடலாமே என்று கமிட்டியும் யோசிக்கிறதாம்.

நான் தூங்குவதில்லை. தூங்குகிறவர்களுக்குத் தலை சாயும். என் முதுகுகூட பெஞ்சில் சாய்ந்தது கிடையாது... கான்வென்ட் வளர்ப்பு. ஆண்டவர் முன்னால் பேசாமல் இருக்கப் பழகுகிறேன். இந்த வயதிலும் எனக்கு அது சரியாக வரவில்லை.

பழக ஆரம்பித்த நாளைச் சொல்கிறேன்.

சேலை முழுக்க பினாயில் வாடை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே இந்தக் கோயிலுக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர். குடல்வால் வெடித்து, ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் இறங்காமல் இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மதியத்தில் ஆண்கள் வார்டுக்குள் பெண்களை விடமாட்டார்கள்.

அதே வார்டில் இன்னொரு அந்தோணிசாமி இருந்தார், வன்னியம்பட்டிக்காரர். எனக்கு எதிலும் குளறுபடி கூடாது. அதனால் தெளிவாக ஜெபித்தேன்.

"ஆண்டவரே, ஆண்கள் வார்டு, பதினாலாம் நம்பர் கட்டில், மில் அந்தோணிசாமி. வன்னியம்பட்டி அந்தோணிசாமி இல்லை..."

திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிலோமினா. கான்வென்ட்டில் என்னோடு படித்தவள், அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏட்டி, ஆண்டவருக்கு எதுக்குட்டி கட்டில் நம்பரு? அவரு என்ன கம்பவுண்டரா?"

"ரெண்டு அந்தோணிசாமி இருக்காங்கல்ல?"

"நீ வெளிய வந்ததுமே ஒன் வீட்டுக்காரரை ஜன்னல் பக்கம் மாத்தியாச்சு. பதினாலுல இப்ப கூமாப்பட்டி தாத்தா ஒருத்தர் கெடக்காரு."

இவ்வளவு நேரமும் தப்பான கட்டிலுக்கா..? புது நம்பரைக் கேட்டுவர எழுந்தேன். பிலோமினா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருட்டி. அவருக்குத் தெரியாத கட்டிலா? செத்த நேரம் வாய மூடிட்டு இரு."

இருந்தேன். இருக்கவே முடியவில்லை. விசிட்டிங் பெல் அடித்திருக்குமோ, மருந்து கொடுத்திருப்பார்களோ என்று மனது வாசலுக்கும் பெஞ்சுக்கும் அலைந்தது. ஆனால் நம்பர் சொல்லவில்லை. ஆண்டவருக்கு நான் எந்த உத்தரவும் போடாத முதல் நேரம் அதுதான்.

காய்ச்சல் அன்று இறங்கவில்லை. அதையும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ அந்தத் தாத்தா நாளைக்கே எந்திச்சு ஓடிருவாரு. ஏ புள்ள, சிரிக்க வைக்காத, தையல் பிரிஞ்சிரும்!"

பிறகு பிழைத்து, ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போகும் நிலையில் இருந்தபோதும் இதே கோயிலுக்கு வந்தேன். குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. "நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேசவில்லை.

அப்போது இந்தக் கோயிலுக்குப் பகலில் பூட்டே கிடையாது. ஆடு உள்ளே வந்து நிற்கும், யாராவது விரட்டுவார்கள். இப்போது கிரில் கேட், கேமரா. திருட்டுப் பயம் எனக்கும் புரிகிறது. வீட்டிலேயே ஜெபிக்கலாமே என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் பால் மூடினேனா, மோட்டார் ஓடுகிறதா என்று எழுந்துவிடுகிறேன். கோயிலில் எழுந்தாலும் திரும்ப உட்கார்ந்துவிடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்... எனக்கு அது பெரிய வித்தியாசம்.

கமிட்டித் தலைவர் அவர்களுக்கு: மதியம் பக்கவாட்டுக் கதவு மட்டுமாவது திறந்திருக்குமா, இருக்காதா? போனில் சொல்ல வேண்டாம், கைகூப்பும் பொம்மைப் படமும் போட வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.