அகல்யா பார்த்து வைக்கும் இடங்கள்

மானகிரி யூஜினியாவுக்கு மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் போதும், கேட்காமல் இருப்புக்கொள்ளாது. காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டோ ஓட்டுகிறார். இலங்கைச் சண்டையின்போது படகேறி வந்த குடும்பங்கள் வாழும் முகாமிலிருந்தும் சில பிள்ளைகளை ஏற்றிக்கொள்வார். அவர்களில் ஒருத்தி மூன்றாம் வகுப்பு அகல்யா.

ஒருநாள் அவள் கேட்டாள். “அத்தை, இந்த சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆளு ஒளியலாமா?”

“ஒளியலாம். எதுக்குத்தா கேக்குற?”

“சும்மா.”

அன்றிலிருந்து யூஜினியா அவளைக் கவனித்தார். பெட்டிக்கடையில் நிறுத்தினால் அவள் மிட்டாயைப் பார்ப்பதில்லை. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கைப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்க் குந்திப் பார்த்துவிட்டு வந்தாள். விளையாட்டென்றால் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டாமா?

ஒரு மாலை, வழியில் ஒரு கல்யாண வீட்டில் சரவெடி வெடித்தது. மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தடித்தார்கள். அகல்யா மட்டும், “அப்பா வீட்ல இருக்கக்கூடாது” என்று முணுமுணுத்தாள்.

“இருந்தா என்னத்தா?”

“வெடிச்சத்தம் கேட்டா கதவெல்லாம் சாத்திருவாரு. அம்மா தொறந்தா அடிப்பாரு. அன்னைக்கு என்னையவும்...”

யூஜினியா அவளைக் கூட்டிக்கொண்டு நேரே அவள் அம்மா சத்தியப்பிரியாவிடம் போனார். அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“படியில விழுந்துட்டேன்க்கா.”

“ஒங்க வீட்டுல ஏது படி?”

சத்தியப்பிரியா முந்தானையால் மணிக்கட்டை மூடினார். அப்படியே அழுதுவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் சம்மதித்த பிறகே யூஜினியா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அம்மாவும் மகளும் அதே முகாமில் இருந்த சத்தியப்பிரியாவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாளே அகல்யாவின் அப்பா மெய்யநாதன் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். வெள்ளையடிக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. “என்ர வீட்டு விசயத்தில தலையிட நீங்கள் ஆர்?” என்று கத்தினார்.

யூஜினியா ஆட்டோவிலிருந்து இறங்கினார். மனதில் விழுந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். “அண்ணே, அகல்யா வயசுல ஒங்களுக்கு ஒளியிறதுக்கு எடம் இருந்துச்சா?”

மெய்யநாதனின் குரல் இறங்கியது. “பங்கர் இருந்தது. நிலத்தில அப்பா வெட்டின குழி. பிளேன் சத்தம் கேட்டால் அதுக்குள்ள பாய்ஞ்சிடுவம்.”

“ஒங்க மகளும் அப்படி ஒரு எடத்தைத்தேன் தேடிக்கிட்டிருக்கா. பிளேனுக்குப் பயந்து இல்லண்ணே.”

அவர் திரும்பி நடந்துவிட்டார்.

விசாரிக்க வந்தவர்கள் சொன்னபடி, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க முதல் தடவை போனபோது மெய்யநாதன் அங்கே மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். அடுத்த தடவைதான் உள்ளே போனார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். வெடிச்சத்தம் கேட்டால் இன்னும் வியர்க்கிறது. ஆனால் கதவுகளைச் சாத்திக்கொள்ளாமல் வெளியே நடக்கப் போய்விடுகிறார். அகல்யாவோடும் ஓர் ஆலோசகர் வாரம்தோறும் உட்கார்ந்து பேசுகிறார்.

சத்தியப்பிரியா இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். “அடிச்ச கை இல்லையாக்கா, கொஞ்ச காலம் பாக்கணும்” என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெய்யநாதன் அங்கே வருவார். வாசலில் மகளோடு உட்கார்ந்திருப்பார். போன வாரம் அவள், “அப்பா, ஒங்க ஊருல ஐஸ் வண்டி வருமா?” என்று கேட்டாளாம். அவர் அந்த வண்டிக்காரரைப் பற்றியும் அவருடைய மணியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதையெல்லாம் தானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சத்தியப்பிரியா சொன்னார்.