முகத்தில் அடிக்காத வெளிச்சம்

வாய்க்கால் மதகைத் தாண்டி எங்கள் கார் தெருவுக்குள் திரும்பியதும் இருட்டில் அதன் விளக்கு வெளிச்சம் குடிசைக் கூரைகளின் உயரத்துக்கு அடித்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எழுந்தார்கள். "போலீசு வருதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஆண்கள் வாய்க்காலில் குதித்து அக்கரை ஏறினார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். நாங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது ஒரு பெண் மட்டும் மண்ணில் கையூன்றிக் கிடந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்க்கத்தான் நாங்கள் போயிருந்தோம். எல்லாரோடும் ஓடப் பார்த்துத் தடுக்கி விழுந்திருந்தாள்.

அப்போது நான் திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆட்சி மாறிய புதிது. தெருவுக்குத் தெரு கட்சிக் கொடியும் சங்கக் கொடியும் பறந்தன. கூலியை உயர்த்தாமல் அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். களத்துமேட்டில் அடிதடி, பிறகு வழக்கு. அந்தி சாய்ந்தால் போலீஸ் வண்டி வரும், கையில் கிடைத்த ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்தத் தெருவுக்கு வேறு எந்த வண்டியும் வந்ததில்லை. நானும் அப்படியொரு தெருவில் பிறந்தவள்தான், ஊர்தான் வேறு. அதனால் அந்த ஓட்டம் எனக்குப் பழக்கமானது. ஓடவைத்த வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்ததுதான் புதிது.

வண்டி டாக்டரம்மாவுடையது. ஆஸ்பத்திரிக்கு ஜீப் கிடையாது. தஞ்சாவூரில் படித்து முடித்துவிட்டு அந்த ஊருக்கு வந்தபோது தன் அப்பாவின் பழைய காரையும் கொண்டுவந்திருந்தார். ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். குள்ளமான உருவம். ஸ்டியரிங்குக்கு மேலே பார்க்க ஒரு தலையணையைப் போட்டு உட்காருவார்.

விழுந்த பெண்ணின் வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்த டாக்டரம்மா வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில், "துடிக்குது சிஸ்டர்," என்றார். அதற்குள் அவள் கணவர் இடுப்புவரை நனைந்து திரும்பி வந்திருந்தார். "நீங்களாம்மா? கண்ணு கூசிப்போச்சு. யாரு எவருன்னே தெரியலையே," என்றார். திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் வாசலில் முகப்பு விளக்கின் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியைப் பெயர்த்து, பல்பை வெளியே எடுத்தார். போன வாரம் பழைய பல்பு எரிந்துபோனதால் அவரே புதிதாக மாட்டியது அது. பல்பின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அது உட்கார வேண்டிய இடத்தை எனக்குக் காட்டினார். அவசரத்தில் மேல்பக்கத்தைக் கீழாக வைத்து அழுத்தியிருந்தார். டிம் போட்டால் தரையைப் பார்க்க வேண்டிய வெளிச்சம் வானத்தைப் பார்த்திருக்கிறது.

"நான்தான் தலைகீழா மாட்டியிருக்கேன் சிஸ்டர். அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பல்பு நேரானால் போதும் என்று நினைத்தேன். அவருக்குப் போதவில்லை. சாயங்காலம் காரை ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் காற்றை ஒரே அளவாக அடித்தார். சுவருக்கும் விளக்குக்கும் நடுவே இருபத்தைந்து அடி விட்டார். தரையிலிருந்து விளக்கின் நடுமையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்துக்குச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஆஸ்பத்திரி ஆயாவையும் என்னையும் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். எதற்கு என்று ஆயா முறைத்தாள். "பின்னால ஆள் ஏறினா வண்டி மூக்கு தூக்கிக்கும், வெளிச்சமும் மேல ஏறிடும். நம்ம வண்டியில எப்பவும் பின்னால ஆள்தானே? ஏறி உக்காருங்க," என்றார். ஒரு விளக்கைச் சாக்குப் பையால் மூடிவிட்டு மற்றதன் திருகைத் திருப்பினார். வெளிச்சம் சுவரில் மெல்ல இறங்கியது. கோட்டுக்கு நாலு விரல் கீழே வந்ததும் நிறுத்தினார். பக்கவாட்டுத் திருகால் எதிரே வருபவர் பக்கம் போகாமல் ஒதுக்கினார். பிறகு மற்ற விளக்கு. முடித்துவிட்டு, சுவரோரம் போய் நின்று காரை நேராகப் பார்த்தார். கண் கூசவில்லை. என்னையும் நிற்கச் சொன்னார். ஆயாவையும்.

மூன்று வாரம் கழித்து, பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் அந்தத் தெருவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். அந்தப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டதாம். கிளம்பும்போது எனக்குப் பிரசவத்தைவிட மதகடிதான் பயமாக இருந்தது. முந்தின நாள்தான் போலீஸ் வந்து இரண்டு பேரை ஏற்றிப் போயிருந்தது. திருப்பத்தில் டாக்டரம்மா வேகத்தைக் குறைத்தார். வெளிச்சம் பாதையில் தாழ விழுந்தது. அங்கே ஒரு ஜோடிக் கால்கள் நின்றன. ஓடவில்லை. அந்தப் பெண்ணின் கணவர். கண்ணைச் சுருக்காமல் கார் கண்ணாடிக்குள் எங்களை உற்றுப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, "நம்ம டாக்டரம்மாதான்! யாரும் எந்திரிக்க வேணாம்!" என்று குரல் கொடுத்தார்.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. குழந்தை நீலம் பாரித்து வந்தது, அழவில்லை. டாக்டரம்மா கொடியை விடுவித்து, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணத் தொடங்கி, பயத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். திடீரென்று ஒரு கீச்சுக் குரல். பிறகு வீடு அதிர அழுகை. தாய் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா அந்தக் கணவரிடம், "அன்னிக்கு உங்க எல்லாரையும் ஓட வெச்சது என் விளக்குதாங்க. தப்பா மாட்டியிருந்தேன். மன்னிச்சுக்கங்க," என்றார். இத்தனை படித்தவர் தன்னிடம் இப்படிக் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பிசைந்தார். "விளக்கு என்னம்மா பண்ணும். யாருன்னு தெரியாமத்தான் ஓடுனோம்," என்றார்.

இப்போது அந்தப் பாதை தார்ச்சாலை, கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. கூலிச் சண்டை எத்தனையோ பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு ஓய்ந்தது. டாக்டரம்மா மாற்றலாகிப் போய், பிறகு காலமும் ஆகிவிட்டார். தஞ்சாவூரில் என் மகன் வீட்டு மாடியில் நின்று வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது பிரசவத்துக்கு அடுத்த வாரத்து ஒரு சாயங்காலம். அம்மை குத்துவதற்காக அந்தத் தெருவுக்குப் போனோம். இருட்டில் விளக்கெரிய கார் மதகடியில் திரும்பியது. வாசலில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் பாதையில் நீட்டியிருந்த காலை மடக்கி எங்களுக்கு வழி விட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சிஸ்டர்? ஒருத்தரும் எந்திரிக்கல," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.