மெரினைத் திட்ட ஆளில்லை

மெரின் பென்பர்த்தி பள்ளியை விட்டுப் போனது டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். பூமியின் தென்பாதியில் அதுதான் கோடை; வெயில் நாற்பத்தொன்றைத் தொட்டிருந்தது. போர்ட் கார்னாக் ஊர்ப் பள்ளி மண்டபத்து மின்விசிறிகள் அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. கணக்கில் முதலாவதாக வந்தவனுக்கு நாலைந்து பேர் கை தட்டினார்கள். மெரினின் பெயரைச் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்றது. அவளுக்குக் கொடுத்த சான்றிதழில் ‘மிக இனிமையான புன்னகை’ என்று எழுதியிருந்தது. அன்று முழுக்க அவள் சிரிக்கவே இல்லை. புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது.

மெரினுக்குக் கற்றல் குறைபாடு. படிக்க நேரமாகும். கடையில் மீதிச் சில்லறை எண்ண வராது. கேட்ட கேள்விக்குப் பதில் சற்றுத் தாமதித்துத்தான் வரும். அந்தத் தாமதத்துக்குள் யாராவது அவளுக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அவள் எதைச் செய்தாலும் ஊர் கை தட்டியது. தேநீர் போட்டால் கை தட்டல். தேநீரைக் கொட்டினாலும் கை தட்டல்.

அண்ணன் ஜேகோவின் கதை வேறு. பதினெட்டு முடிந்த வாரமே அவன் அப்பாவின் வண்டியைக் கொண்டுபோய் வேலியில் மோதினான். அம்மா கொலீன் வீடு அதிரத் திட்டினாள்.

“இனிமே நீ சின்னப் புள்ள இல்லடா தடியா! நீ பண்றதுக்கு நீதான் பதில் சொல்லணும்!”

பக்கத்து அறையில் மெரின் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் ஆவதென்றால் என்ன என்று அன்றே அவளுக்கு விளங்கிவிட்டது.

பள்ளி முடிந்ததும் லொரெல் வந்தாள். கற்றல் குறைபாடுள்ள இளையவர்களைப் பெரியவர்களின் உலகத்துக்குள் கைபிடித்துக் கூட்டிப்போகும் சமூகப் பணியாளர். அந்த ஊர் இருந்த தீபகற்பம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான். நல்லவள். தொலைவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள், கொடுத்த கேக்கை மிச்சம் வைக்க மாட்டாள். பேச்சு மட்டும் விமான நிலைய அறிவிப்பு மாதிரி ஒவ்வொரு சொல்லாக வரும்.

“உன்னோட... இலக்கு... என்ன... கண்ணு?”

மெரின் யோசித்தாள்.

“சமையல் கத்துக்கணும்னு ரொம்ப ஆசை இவளுக்கு,” என்றாள் கொலீன்.

“ஃபுட்டில கோல் நடுவரா நிக்கணும்,” என்றாள் மெரின். “எல்லாரும் என்னைத் திட்டணும்.”

அந்த ஊரில் குளிர்காலச் சனிக்கிழமை என்றால், முட்டை வடிவப் பந்தை உதைத்து ஆடும் ஃபுட்டி ஆட்டம்தான். மைதானத்தைச் சுற்றி வண்டிகளை மூக்கு உள்பக்கம் பார்க்க நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே கறி அடைத்த சூடான பேஸ்டி தின்பார்கள். தன் அணி கோல் போட்டால் ஹாரன் அடிப்பார்கள். மற்ற நேரமெல்லாம் நடுவரைத் திட்டுவார்கள். வங்கி மேலாளர் திட்டுவார், பள்ளித் தலைமையாசிரியை திட்டுவாள். அதைச் செய்யாதவருக்கு ஞாயிற்றுக்கிழமை கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க விஷயமே இருக்காது.

லொரெலின் பேனா நின்றது. அலுவலகம் ஒப்புக்கொள்ளும் இலக்குகளில் நீச்சல் இருந்தது, மண்பாண்டம் செய்வது இருந்தது, திட்டு வாங்குவது இல்லை. நெடுநேரம் யோசித்து, ‘சமூகத்தின் கருத்துகளைப் பெறும் வாய்ப்பு’ என்று எழுதினாள். மேலிடம் மனமுருகி ஒப்புதல் தந்தது.

வட்டார நடுவர்களுக்குத் தலைவி நொலீன், கறிக்கடைக்காரி. பந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. கம்பத்தில் உரசினாலோ பக்கத்து இடைவெளியில் போனாலோ ஒரு புள்ளி, ஒரு கொடி. மெரினை நிற்க வைத்து ஒரு மாலை முழுக்கப் பந்தை உதைத்துப் பார்த்தாள் நொலீன்.

“அஞ்சாறு தப்பு விட்ட. அந்தப் பக்கக் கம்பத்துல நிக்கிற பல் டாக்டர் இதவிட மோசம். சனிக்கிழம வந்துடு.”

முதல் ஆட்டம் பக்கத்து ஊரான டன்ராபின் அணியோடு. வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மெரின் நின்றாள். உள்ளூர்ப் பையன் ஒருவன் உதைத்த பந்து நடுவே பறந்தது. இரண்டு கொடிகளை வீசினாள். மைதானம் முழுக்க ஹாரன் முழங்கியது, டன்ராபின் வண்டிகள் உள்பட. சற்று நேரத்தில் டன்ராபின்காரன் உதைத்த பந்து கம்பத்தில் உரசியது. ஒரே கொடி. ஐந்து புள்ளி பறிபோன டன்ராபின்காரர்கள் கை தட்டினார்கள்.

“சூப்பர் செல்லம்! கொடிய எவ்ளோ அழகா தூக்குற!”

எதிர்க்கோடியில் பல் டாக்டரின் பிறப்பைப் பற்றியே மக்கள் சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் நொலீனிடம் போனாள்.

“ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கறாங்க?”

“நீ கோட்டு மாட்டிட்டு இருந்தப்ப உங்க லொரெல் மைக்குல பேசிட்டா. ‘இன்னைக்கு நம்ம நடுவுல ஒரு சிறப்பான பொண்ணு, அன்பான சூழல் வேணும்’னு. எனக்கே வாயக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு.”

லொரெல் கொலீனின் வண்டியில் உட்கார்ந்து பேஸ்டி தின்றுகொண்டிருந்தாள். மெரின் கண்ணாடியைத் தட்டினாள்.

“திட்டக் கூடாதுன்னு சொன்னியா?”

“உன் மனசு... கஷ்டப்படக்... கூடாதுன்னு... கண்ணு...”

வழக்கமான தாமதம். கொலீன் வாயைத் திறந்தாள். மெரின் கையைத் தூக்கினாள். கொலீன் வாயை மூடிக்கொண்டாள்.

“பல் டாக்டர் தப்பு பண்ணா கத்துறாங்க. அவர் என்ன பண்றார்னு பாக்குறாங்க. நான் என்ன பண்றேன்னு யாரும் பாக்கல. நான் நிக்கிறத மட்டும் பாக்குறாங்க. போய் மைக்குல மாத்திச் சொல்லு.”

“என்னன்னு சொல்றது? தயவுசெஞ்சு இந்தப் பொண்ணத் திட்டுங்கன்னா? என் வேலையே போயிடும் மெரின்!” என்றாள் லொரெல், முகம் சிவக்க. மெரினிடம் அவள் இவ்வளவு வேகமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் லொரெல் இரண்டு கிளப்புகளுக்கும் போய், அப்படிச் சொன்னது தவறு என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, ‘பாவம், எவ்வளவு அக்கறை’ என்று லொரெலுக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

மெரின் பேக்கரிக்குப் பின்னால் தனி வீட்டுக்குக் குடிபோனாள். ஹாரன் மட்டும் மாறவில்லை. இரண்டாம் வருடத்தில், தெளிவாக வெளியே போன பந்துக்கு ஒருநாள் இரண்டு கொடிகளைத் தூக்கிவிட்டாள். மைதானமே செல்லமாகச் சிரித்தது. நேரே அம்மா வீட்டுக்கு வந்து தொப்பியை விட்டெறிந்தாள்.

“இனிமே போக மாட்டேன்.”

“போகலன்னா போகாத! ஆனா சனிக்கிழம ஆட்டத்துக்கு யார் நிப்பா? ஒத்துக்கிட்டா செய்ய வேணாமாடி தடிச்சி!” என்று கத்திய கொலீன், பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெரின் குனிந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டினாள்.

அதற்கு அடுத்த வருடம், அரையிறுதி. கடைசி நிமிடம். டன்ராபின்காரன் உதைத்த பந்து கம்பத்தை ஒட்டிக்கொண்டு போனது. உரசியதா இல்லையா? மெரின் ஒரு கொடியைத் தூக்கினாள். டன்ராபின் மூன்று புள்ளியில் தோற்றது. யாரும் கை தட்டவில்லை.

ஞாயிறு காலை அவள் கைபேசிக்கு ஒரு குரல்செய்தி வந்தது. முழுக்கக் கேட்டாள். லொரெலுக்கு அனுப்பினாள். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“ஏய் பென்பர்த்தி! டன்ராபின் கோச் பேசுறேன், எம்பேரு கிட்டோ. உன் நம்பர நொலீன்கிட்ட வாங்கினேன். கண்ண எங்கம்மா அடகு வெச்சிருந்த? பந்து கம்பத்துல படவே இல்ல! எங்க பாதிரியார் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாக்கூட கோல்னு சொல்லுவார்! மூணு வருஷமா உன்னப் பாக்குறேன், பரவால்ல, நெதானமான ஆளுன்னு நெனச்சேன். இப்படிக் கழுத்தறுத்துட்டியே! புகார் குடுத்துட்டேன். செவ்வாக்கிழம விசாரணை. உங்கம்மா, அந்த லொரெல் யாரையும் கூட்டிட்டு வந்து நிக்காத. நீ பாத்தத நீயே வந்து சொல்லு. வெக்கிறேன்!”