மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டாத தக்காளி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஸ்டிக்கர் அக்கா. பெரிய சாலையில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருடமாக விலைச்சீட்டு ஒட்டுவதுதான் அவள் வேலை. சோப்பு, பிஸ்கட், துடைப்பம், எலி மருந்து என்று அந்தக் கடைக்குள் வந்த எந்தப் பொருளும் அவள் கை படாமல் அலமாரி ஏறியதில்லை. ஒரு நாளைக்கு நாலாயிரம் சீட்டு. ஸ்டிக்கர் மெஷினை அழுத்தி அழுத்தி வலது கைக் கட்டைவிரல் கொஞ்சம் வளைந்தே போய்விட்டது.

தெரு அவளைத் தெரிந்து வைத்திருந்தது வேறொரு காரணத்துக்காக. மாலை ஆறு மணிக்குக் காய்கறிப் பகுதியில் மீந்து கிடப்பவற்றின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவள்தான். மஞ்சள் என்றால் பாதி விலை. ஐந்தரையிலிருந்தே ஆட்கள் கூடையும் கையுமாக அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உப்புப் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருப்பார். அவள் மெஷினோடு வெளியே வந்ததும் கோழிக்குஞ்சுகள் மாதிரி எல்லாரும் பின்னாலேயே வருவார்கள்.

இத்தனை விலை ஒட்டியவள் தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட எதற்கும் தன் வாயால் விலை சொன்னதில்லை. சம்பளத்தைச் சொன்னவர் மேனேஜர். வாடகையைச் சொன்னவர் வீட்டுக்கார அம்மா. வேலை தேடி வெளியூர் போன கணவனிடமிருந்து முதலில் பணம் நின்றது, பிறகு போனும் நின்றது. அந்த வருடம் அவள் கழற்றிக் கொடுத்த இரண்டு வளையலுக்கு விலை சொன்னவர் அடகுக்கடைக்காரர். "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பாள் அவள். யாரிடமும் அதுதான் அவள் பேச்சு. அந்த ஒரு வாக்கியத்திலேயே முப்பத்தாறு வயது ஓடிவிட்டது.

கடையில் அவள் இன்னும் தற்காலிக ஊழியர்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும். வருடத்துக்கு ஒருமுறை சிலரை நிரந்தரமாக்குவார்கள். இந்த வருடம் சூப்பர்வைசரே அவளைக் கூப்பிட்டு, "உன் பேரு மேலேயே இருக்கும்மா. திங்கட்கிழமை லிஸ்ட் போட்டுருவாங்க" என்றார். அவள் நேராகக் கிடங்குக்குள் போய், பாத்ரூம் கழுவும் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் வரும் அழுகைக்கும் மூக்கு ஒழுகத்தான் செய்கிறது.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயது. பெயர் ஒன்று இருந்தாலும் எல்லாருக்கும் அவள் வாண்டு. அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால், இடித்துப் போட்ட பழைய குளியலறையின் செங்கல்லும் ஓடுமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. விடுமுறையில் வாண்டு அந்தக் கல்லையெல்லாம் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அம்மாவும் கூடச் சேர்ந்தாள். அப்புறம் விதை, தண்ணீர், குச்சி நட்டுக் கட்டுவது, விடிந்ததும் நத்தை பொறுக்குவது என்று மூன்று மாதம். தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. கத்திரிக்காயும் கொஞ்சம் வந்தது.

பட்டியல் வரப்போகும் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. அன்று அவளுக்கு வார விடுமுறை. பழைய கட்டில் பலகையை இரண்டு பெயிண்ட் டப்பாக்களின் மேல் வைத்து, பழைய பேப்பர்க்காரரிடம் இரவல் வாங்கிய தராசையும் வைத்து, வாசலுக்கு வெளியே வாண்டுவின் கடை தயாரானது. விலைதான் பாக்கி.

"எவ்வளவு போடட்டும்?" என்று சாக்பீஸோடு நின்றாள் வாண்டு.

"கடையில கிலோ இருபது. நீ பதினெட்டு போடு."

"ஏன்?"

"நாம என்ன கடையா?"

"கடைக்காரங்க தண்ணி ஊத்தினாங்களா?"

"இல்ல."

"நத்தை பொறுக்கினாங்களா?"

"இல்லடி."

"அப்போ அவங்கதான் கம்மியா போடணும்."

"கடைத் தக்காளியப் பாத்திருக்கியா? எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். நம்மது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூஞ்சி."

வாண்டு ஒரு தக்காளியை எடுத்தாள். தோள்பட்டையில் வெடிப்பு விட்ட, கோணல்மாணலான தக்காளி. இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அம்மாவின் வாயில் திணித்தாள். பதினோரு வருடமாக அவள் கையில் புரண்ட தக்காளிகளுக்கெல்லாம் அட்டைப்பெட்டி வாசனைதான். இதற்குத் தக்காளி வாசனை. சாறு முழங்கை வரை வழிந்தது.

"இருபத்தஞ்சு" என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. யாரோ பின்னால் நின்று பேசியதுபோல் திரும்பிக்கூடப் பார்த்தாள். வாண்டு பலகையின் முன்விளிம்பில் பெரிதாக எழுதிவிட்டு, "கத்திரிக்கா?" என்று கேட்டாள்.

"பத்தொம்பது தொண்ணூத்தொம்பது."

"சில்லறைக்கு நான் எங்க போவேன்? இருபதுன்னு போடறேன்."

முதலில் வந்தவர் வீட்டுக்கார அம்மா. பலகையைப் பார்த்ததும் கை இடுப்புக்குப் போனது.

"என் மண்ணுல விளைஞ்சதுக்கு எங்கிட்டயே காசாடி?"

"மண்ணுக்குத்தான் அம்மா வாடகை தராங்களே ஆன்ட்டி."

"வாயப் பாரு, வாய. கால் கிலோ போடு. வெடிப்பு இல்லாததாப் பாத்துப் போடு."

அப்புறம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு கிலோ வாங்கி, மீதிச் சில்லறையை வாண்டு சரியாகத் தருகிறாளா என்று சோதித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுப் பையன் அம்மா சொன்னதாக அரைக் கிலோ வாங்கினான். மத்தியானத்துக்கு மேல் யாரும் வரவில்லை.

ஐந்தரைக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் எதையும் வாங்கவில்லை. தையல்காரம்மா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒருவர் செல்போனைக் காதில் வைத்திருந்தார், ஆனால் பேசவில்லை. இரண்டு பெண்கள் செத்துப்போன வேப்பங்கன்று ஒன்றைக் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவு போடட்டும் ஆன்ட்டி?" என்று வாண்டு கேட்டாள்.

"ஆறு ஆகட்டும் கண்ணு. அவசரம் என்ன?"

"ஆறு மணிக்கு என்ன?"

"உங்கம்மாவக் கேளு" என்று தையல்காரம்மா சிரித்தாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை பேரையும் இப்படிக் காத்திருக்கப் பழக்கியது அவளேதான். அவமானம் காதுவரை ஏறியது.

சரியாக ஆறு மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் சூப்பர்வைசர். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

"என்னம்மா, மணி ஆறு. மஞ்சள் எங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. பலகையைப் பார்த்தார். "இருபத்தஞ்சா? நம்ம கடையிலயே இருபதுதான். எங்களுக்கே போட்டியா?"

"குழந்தை விளையாட்டா போட்டது சார்" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"விளையாட்டுதான், தெரியுது. பாதி போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டு உள்ள போங்க. எனக்கு ரெண்டு கிலோ." பிறகு கொஞ்சம் குனிந்து, சிரிப்பு மாறாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "திங்கட்கிழமை ஞாபகம் இருக்கில்ல?"

நீங்களே பாத்துச் சொல்லுங்க என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் போதும். திங்கட்கிழமை பெயர் வரும். காய்ச்சலுக்குச் சம்பளம் போகாது. பதினோரு வருடக் கஷ்டத்துக்கு ஒரு முடிவு வரும். அவள் மகளைப் பார்த்தாள். வாண்டு சூப்பர்வைசரைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில மஞ்சள் எதுக்கு சார் ஒட்டறோம்?" என்று கேட்டாள் அவள்.

"மறுநாளைக்கு வாடிடும். உனக்குத் தெரியாததா?"

"இது காலையில பறிச்சது. மணி ஆறாச்சுன்னு இதுக்கு ஒண்ணும் ஆகல சார். எனக்கும் ஒண்ணும் ஆகல. கிலோ இருபத்தஞ்சு. வேணும்னா பையக் குடுங்க."

சொல்லிவிட்டுத் தராசைப் பக்கத்தில் இழுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. செல்போன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"சரி, பாத்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கரைந்தது. தையல்காரம்மா மட்டும் போகாமல் நின்றாள்.

"அரைக் கிலோ போடு. பாதி விலைக்குத்தான் குடுப்பினை இல்ல, பாதி கிலோவாவது வாங்கிட்டுப் போறேன்."

மீந்தது மூன்று கிலோ. அந்த வீட்டில் அன்று இரவும் ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் தக்காளிதான்.

திங்கட்கிழமை ஊழியர் அறைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஏழு பெயர். அவள் மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே படித்தாள். இல்லை. அவளுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கிடங்குக்குப் போனாள். அழவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்த முறை முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகச் சூப்பர்வைசர் மேஜைக்கு வந்தாள். பில் போடும் பெண்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள்.

"சார், என் பேரு ஏன் இல்ல?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"என் வேலையில குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். குறை இல்லன்னா ஏன் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"எனக்கு இப்ப நேரமில்ல."

"அப்போ நாளைக்குக் கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை கேட்டாள். புதன்கிழமையும் கேட்டாள். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. மாலை நாலு மணிக்கு, மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி. வியாழக்கிழமை பில் போடும் பெண்களில் ஒருத்தி தானாகவே வந்து பக்கத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சூப்பர்வைசர் தன் நாற்காலியில் இல்லை. அவள் ஐந்தரை வரை நாற்காலிக்கு எதிரே நின்றிருந்தாள்.

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கார அம்மாவின் காதுக்கு எட்டாத விஷயம் அந்தத் தெருவில் உண்டா? "உன் கடையாலதான்டி உங்கம்மா வேலைக்கு வேட்டு" என்று அவர் வாண்டுவிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை அம்மா எழுந்து வந்தபோது கடை வெளியே போட்டாயிற்று. தக்காளி அடுக்கியாயிற்று. பலகையில் விலை பன்னிரண்டரை.

"இது என்ன?"

"பாதி" என்றாள் வாண்டு. அவள் தலை நிமிரவில்லை. "இருபத்தஞ்சுல பாதி."

"யாரு போடச் சொன்னா?"

"என்னாலதானே உன் பேரு போச்சு. பாதி போட்டா சார் உன்னச் சேத்துப்பாரு."

அந்த ஏழு பெயரைப் படித்தபோதுகூட அம்மாவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பால்காரர் சைக்கிளை மெதுவாக்கி, பார்த்துவிட்டு, மணி அடிக்காமல் போனார்.

"உன்னால ஒண்ணும் போகல. என் பேர எடுத்தது அவரு. அத அவர்கிட்ட நான் கேட்டுட்டு இருக்கேன், கேட்டுட்டேதான் இருப்பேன். அது என் சண்டை. இது உன் தக்காளி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

"அப்போ இருபத்தஞ்சே போடட்டுமா?"

அவள் எழுந்து கூடையைப் பார்த்தாள். "இந்த வாரம் எவ்வளவு இருக்கு?"

"நாலு கிலோதான். பாக்கியெல்லாம் இன்னும் காய்."

அவள் தண்ணீர் தொட்டு உள்ளங்கையால் பலகையை அழுத்தித் துடைத்தாள். சாக்பீஸை மகளிடமிருந்து வாங்கித் தானே எழுதினாள். முப்பது.

ஜன்னலிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல் வந்தது. "முப்பதா? உனக்கென்ன கிறுக்கா? இந்த விலைக்கு யாருடி வாங்குவா?"

"தெரியலம்மா" என்றாள் அவள். "விலை சொல்றதுதான் என் வேலை. வாங்கறதா வேண்டாமான்னு வர்றவங்க பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு, மகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பலகையைப் பெயிண்ட் டப்பாவோடு சேர்த்து இரண்டடி முன்னால் நகர்த்தி, போகிற வருகிற எல்லாரும் நின்று பார்க்கும்படி சாலை ஓரத்திலேயே போட்டாள்.