பிழைத்த புள்ளிகள்

ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டுக் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவார் எங்கள் ஆய்வகத்து அக்கா. கையுறை போடச் சொன்னால், "இருக்கட்டும் தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியல" என்பார். சூடு உண்மையாகவே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கச்சால் தீவில் அவர் இருந்த ரப்பர்த் தோட்டத்து வீட்டைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடமாகியிருந்தது. அவருடைய இரட்டைப் பெண்பிள்ளைகளில் மூத்தது தென்னையைப் பிடித்துப் பிழைத்தது. இளையது போய்விட்டது. நிவாரண முகாமிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குக் குடிவந்து, தினமும் படகில் சாத்தம் துறைக்கு வந்து, எங்களிடம் வேலை பார்த்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பாக்டீரியாக்களுக்கு டி.என்.ஏ.வைச் சிதைக்கும் மருந்தைக் கொடுத்து, எத்தனை தப்புகின்றன என்று எண்ணுவது என் வேலை. எல்லாம் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகியவை, அச்சு அசல். ஆனாலும் பெரும்பாலானவை செத்துப்போகும். தட்டில் அங்கங்கே சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வளரும். "இதுக மட்டும் எப்படித் தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். நானும் பெரிய மேதாவிபோல, "வலுவானது தாக்குப்பிடிக்கும் அக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். "ஆமா, சின்னவளுக்குப் பால் பத்தல. பெரியவளுக்கே குடுத்துட்டேன். என் தப்புதான்" என்றார், இன்றைக்குப் படகு தாமதம் என்று சொல்வதுபோல. அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும், என் வாயை.

பிறகு, பிழைத்த புள்ளிகளையே எடுத்து வளர்த்து அதே மருந்தை மறுபடி கொடுத்தேன். வலுவான வம்சமென்றால் எல்லாம் பிழைத்திருக்க வேண்டும். முன்போலவேதான் செத்தன. சேதத்தைப் பழுதுபார்க்கும் புரதம் ஒரு செல்லில் இருந்தால் ஒன்றோ இரண்டோதான்; மருந்து விழும் நேரத்தில் பெரும்பாலானவற்றில் அதுவும் இருக்காது. வெறும் தற்செயல். தட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு அக்கா. செத்ததும் பிழைச்சதும் ஒண்ணுதான். அந்த நேரத்துல எதுகிட்ட பழுதுபாக்குற பொருள் இருந்துச்சோ, அது தப்பிச்சுது."

"மத்லப், அப்படீன்னா செத்ததுக வலு இல்லாம சாகல?"

"வலுவால இல்ல. அதுவும் இது கிருமி அக்கா. இத வச்சு உங்க புள்ளையப் பத்தி நான் பேசியிருக்கவே கூடாது."

அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இளையவளின் பெயரைச் சொன்னார். மெதுவாக இன்னொரு முறை சொன்னார். அத்தனை நாள் கூட வேலை பார்த்தும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

இப்போது தீவுகளை விட்டு மெயின்லேண்டில் இருக்கிறேன். அக்கா அக்கா என்றே கூப்பிட்டதில் அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பெயர் மறக்கவில்லை.